சந்தா நின்றது யாருடைய முடிவு?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பெங்களூரில் வீணை கற்பிக்கும் ஒருவர் இணையவழிப் பாடங்களுக்கு மாதம் 200 ரூபாய் சந்தா பெறுகிறார் என்று கொள்வோம். 500 பேர் சேர்ந்தால் மாத வருவாய் ஒரு இலட்சம் ரூபாய். அவர்களுள் 50 பேரின் தவணை நிறைவேறாமற்போனால் அம்மாதம் 10,000 ரூபாய் குறையும். அந்த ஐம்பது பேரும் பாடம் பிடிக்காமல் விலகினார்களா, அட்டை காலாவதியானதால் விடுபட்டார்களா என்பது ஆசிரியருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. சில வேளைகளில் சந்தாதாரருக்கே தெரிவதில்லை.

சந்தா நமக்குப் புதியதன்று. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ போன்ற சிற்றிதழ்கள் சந்தாதாரர்களை நம்பியே நடந்தன. வாசகர் அஞ்சலகம் சென்று மணியார்டர் அனுப்பினார். அனுப்பாமல் விட்டதும் பெரும்பாலும் அவருடைய முடிவே. 2016இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ‘தி கென்’ என்னும் வணிக இதழும் சந்தாவையே அடித்தளமாகக் கொண்டது. இன்று தனிமனிதர்களும் அவ்வழியில் பிழைக்கின்றனர். ஆனால் அஞ்சலகத்துக்குச் செல்லும் வேலையைத் தானியங்கிப் பிடித்தம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

அட்டைகளின் வழியான இப்பிடித்தத்துக்கு ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் விதிகளை அறிவித்தது. வாடிக்கையாளர் முதலில் கூடுதல் சரிபார்ப்புடன் ஒப்புதல் தர வேண்டும். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அவருக்கு அறிவிப்பு வர வேண்டும். அத்தவணையை மட்டுமோ, ஒப்புதல் முழுவதையுமோ அவர் விலக்கிக்கொள்ளலாம். இவ்வசதிக்காக அவரிடம் கட்டணம் பெறக் கூடாது. 2021 அக்டோபர் 1 முதல் இவ்விதிகளுக்கு உட்படாத பிடித்தங்கள் நின்றன. வாசகர் அறியாமலே பல சந்தாக்கள் அறுந்தன. மறுசரிபார்ப்பின்றிப் பிடிக்கத்தக்க தொகையின் வரம்பு 2022 ஜூனில் 5,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

விதிகளே தடை என்போருடன் நான் உடன்படவில்லை. மறந்துபோன சந்தாவுக்கு மாதந்தோறும் பணம் இழந்தவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு. வாசகரின் மறதியால் வரும் வருவாய் நேர்மையான வருவாய் ஆகாது. எனினும், விருப்பமின்றிப் பணம் போகக் கூடாது என்னும் அதே நியாயம், விருப்பமிருந்தும் பணம் சேராமற்போவதற்கும் பொருந்த வேண்டும். தொடர்வதும் நிறுத்துவதும் வாடிக்கையாளரின் முடிவாக இருக்க வேண்டும். காலாவதியான அட்டை அம்முடிவை எடுக்கலாகாது.

இதற்கு மூவரும் முன்வர வேண்டும். புதிய அட்டை வழங்கும்போது, பழைய அட்டையில் எந்தெந்த ஒப்புதல்கள் இருந்தன என்பதை வங்கிகள் தெரிவிக்கலாம். தவணை நிறைவேறாத காரணத்தை வாடிக்கையாளரின் தாய்மொழியில், எளிய சொற்களில் கூறலாம். படைப்பாளர்கள் தவணை தவறிய அன்றே கதவை அடைக்காமல் சில நாள் அவகாசம் தரலாம். 2020இல் அறிமுகமான யுபிஐ ஆட்டோபே வசதியையும், ஆண்டுச் சந்தாவையும் மாற்று வழிகளாக வைக்கலாம். சந்தாவை நிறுத்தும் வழியையும் சேரும் வழியைப் போலவே எளிதாக்க வேண்டும்.

வாடிக்கையாளராகிய நம் பங்கு சிறியது. முன்னறிவிப்பு வந்தால் தொகையையும் பெறுபவரின் பெயரையும் படித்துப் பார்ப்போம். அறியாத இணைப்பை அழுத்தி ஓடிபியைத் தராமல், வங்கியின் செயலியிலேயே சரிபார்ப்போம். வேண்டாத சந்தாவைத் தயங்காமல் நிறுத்துவோம். வேண்டியதற்குத் தவணை நாளில் கணக்கில் இருப்பு உள்ளதா என்று பார்த்துக்கொள்வோம். நமக்கு 200 ரூபாய் சிறு தொகைதான். பெறுபவருக்கோ அத்தகைய சிறு தொகைகள் சேர்ந்தே அம்மாத வீட்டு வாடகை ஆகிறது.