வளவில் நின்ற மரம், வரைபடத்தில் இல்லாத மரம்

கடந்த பங்குனியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் பட்டுப்போனது. எவரும் அதனை வெட்டவில்லை. வெட்டக்கூடாது என்றுதான் காணிக்காரர் ரொறன்ரோவிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "அண்ணை, வீடு எப்பிடி வந்தாலும் பரவாயில்லை. அம்மா வைச்ச மாமரத்திலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. நீங்கள்தான் பக்கத்திலை இருக்கிறியள், ஒருக்கால் கண் வைச்சுப் பாருங்கோ" என்று என்னிடமும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். நானும் கண் வைத்துப் பார்த்தேன். என் கண்ணெதிரேதான் அந்த மரம் கொல்லப்பட்டது. கொல்லப்படுகிறது என்பது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். அடிமரத்திலிருந்து நாலடி தள்ளி அத்திவாரம் வெட்டினார்கள். குறுக்கே வந்த வேர்களைக் கோடரியால் தறித்தார்கள். வளவில் நிழல் இருந்த இடம் அது ஒன்றுதான் என்பதால் சீமெந்து குழைத்ததும் அதன் கீழேதான். குழைத்த தகரங்களைக் கழுவி ஊற்றியதும் அங்கேதான். மணலும் கல்லும் ஏற்றிய லொறிகள் அதன் வேரின்மேல் ஏறி இறங்கின. வீதி ஒவ்வொரு முறை திருத்தப்படும்போதும் உயர்ந்துகொண்டே போவதால், மழைவெள்ளம் வளவுக்குள் வராதிருக்க ஒன்றரை அடி கிரவல் கொட்டி நிலத்தை உயர்த்தினார்கள். ஈற்றில் படலையிலிருந்து விறாந்தை வரை கொங்கிறீற் கல் பதித்து, மரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் வட்டமாக இடம் விட்டார்கள். குடிபூரலுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த மரத்தின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "மரத்தைக் காப்பாற்றிப்போட்டார்" என்று பாராட்டினார்கள்.

அடுத்த ஆண்டு பூ குறைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு நுனிக்கொப்புகள் காய்ந்தன. மூன்றாம் ஆண்டு மரம் பட்டது. பூச்சி என்றார்கள், நாவூறு என்றார்கள். மேசனிடம் கேட்டேன். "ஐயா, நாங்கள் மரத்திலை ஒரு கத்திகூட வைக்கேல்லை" என்றார். அவர் சொன்னது உண்மை. மரம் என்றால் நிலத்துக்கு மேலே தெரிவது மட்டுமே என்று அவர் நினைத்தார். நாற்பது ஆண்டுகள் செய்தித்தாளில் குப்பை கொட்டிய நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மரம் பட்ட பின்னர்தான் விடயம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்தேன். ஒரு மரத்துக்கு நீரும் ஊட்டமும் எடுத்துக் கொடுக்கும் மெல்லிய வேர்களில் மிகப் பெரும்பாலானவை மேல் மண்ணின் இரண்டு அடிக்குள்தான் இருக்கின்றன. அவை கொப்பு விரிந்த எல்லையையும் தாண்டிப் பரவுகின்றன. நமது குடாநாட்டிலோ மண் படை மெல்லியது. அதன் கீழே சுண்ணாம்புக்கல். கல்லில் வெடிப்புக் கிடைக்கும் இடத்தில் ஒரு வேர் இறங்கும். மற்றவை பக்கவாட்டில்தான் ஓடவேண்டும். வேருக்குக் காற்றும் வேண்டும். மண்ணை லொறி நசுக்கினால், மேலே ஒன்றரை அடி கிரவல் கொட்டினால், அதற்கும் மேலே கல் பதித்தால், வேர் மூச்சுத் திணறிச் சாகும். சீமெந்துக் கழிவு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். ஆனால் மரம் உடனே சாகாது. சேமித்து வைத்ததை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகள் இலை விடும். கொலைக்கும் சாவுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியால்தான் ஒருவருக்கும் குற்றவுணர்வு ஏற்படுவதில்லை.

இதை ஒரு மாமரத்தின் கதையாக மட்டும் நான் எழுதவில்லை. 2009 இல் போர் முடிந்த பின்னர் இந்தக் குடாநாடு முழுவதும் ஒரு பெரிய கட்டுமானத் தலமாக மாறியிருக்கிறது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் தறிக்கப்பட்டதைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். நானும் எழுதினேன். எழுதவேண்டியதுதான். ஆனால் போர் ஓய்ந்த பின்னர் எங்கள் சொந்தப் பணத்தில், எங்கள் சொந்த உத்தரவில், எங்கள் சொந்த வளவுகளில் விழுந்த வேம்புகளையும் இலுப்பைகளையும் புளிகளையும் பற்றி யார் எழுதினார்கள்? கிளுவையும் பூவரசும் நின்ற வேலிகளை விழுத்தி ஆளுயர மதில் எழுப்பினோம். தோட்டத்துக்குக் குழை தந்த வேலி அது. அந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

வலிகாமம் வடக்கில் நான் கண்டதை மறக்கமுடியாது. 1990 இல் இடம்பெயர்ந்த மக்கள், காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது இருபது, இருபத்தைந்து ஆண்டுகளின் பின் திரும்பிச் சென்றார்கள். வீடு இல்லை, மதில் இல்லை, ஒழுங்கை இருந்த தடமே இல்லை. கிணற்றையும் மரத்தையும் வைத்தே பலர் தங்கள் வளவைக் கண்டுபிடித்தார்கள். ஒரு மூதாட்டி புளியமரம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "இதுதான் எங்கடை கோடிப்பக்கம்" என்று அழுததை நான் பார்த்தேன். உறுதி தொலைந்துபோன காணிக்கு மரம் உறுதியாக நின்றது. மறுவாரமே பல வளவுகளுக்குள் ஜேசிபி இயந்திரம் வந்தது. 'துப்புரவு' என்று அதற்குப் பெயர். பற்றையோடு பற்றையாக, சாட்சி சொன்ன மரங்களும் போயின.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். முகாமிலிருந்து திரும்பி, இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை இலட்சம் ரூபாவை வைத்துக்கொண்டு, அடுத்த மாரிக்குள் கூரை போடவேண்டும் என்று அந்தரப்பட்ட குடும்பம் கூரைமரத்துக்காக ஒரு பனையைத் தறித்தால், அந்தக் குடும்பத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. நான் பேசுவது வேறு ஆட்களைப் பற்றி. எட்டுப் பரப்புக் காணியில், ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கப்போகும் மாடிவீட்டை, வளவின் சரி நடுவில்தான் கட்டுவேன் என்று அடம்பிடித்து, அதற்காக முன்னால் நின்ற வேம்பையும் பின்னால் நின்ற பலாவையும் வழித்துத் துடைப்பவர்களைப் பற்றி.

வெளிநாட்டு உறவுகளே, கோபிக்கவேண்டாம். ரொறன்ரோவில் உங்கள் சொந்த வீட்டின் பின்வளவில், உங்கள் சொந்த மரம், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் விட்டத்தை எட்டியிருந்தால், மாநகரின் அனுமதியின்றி அதை நீங்கள் வெட்டமுடியாது. பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் மரத்தைச் சுற்றி அடைப்பு வேலி போட்டுத்தான் வேலையைத் தொடங்கவேண்டும். இங்கிலாந்தில் மரப் பாதுகாப்பு ஆணை விதிக்கப்பட்ட மரத்தை அனுமதியின்றி வெட்டுவது குற்றம். சிங்கப்பூரில் மரப் பாதுகாப்பு வலயங்களில் ஒரு மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரத்துக்கு அனுமதி வேண்டும். இவற்றுக்கெல்லாம் முணுமுணுக்காமல் கீழ்ப்படிகிறீர்கள். விண்ணப்பம் நிரப்புகிறீர்கள், கட்டணம் கட்டுகிறீர்கள், காத்திருக்கிறீர்கள். அதே கை கோண்டாவிலில் நிற்கும் நூற்றாண்டு வேம்பை விழுத்தச் சொல்லி வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிறது. கனடாவின் மரத்துக்கு உள்ள மதிப்பு ஊரின் மரத்துக்கு இல்லையா? அல்லது சட்டம் பிடிக்கும் இடத்தில் மட்டுந்தான் நாம் நல்லவர்களா?

இங்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வீழ்த்துதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்டப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். உணவு தரும் மரங்களைக் காக்கும் நல்ல நோக்கம் அது. ஆனால் நிழல் தரும் வேம்பின் வேரை அத்திவாரக் கிடங்கிலிருந்து காப்பதற்கு அது போதாது. எங்கள் தேசவழமையோ இன்னும் பழையது. ஒல்லாந்தர் 1707 இல் சட்டமாக்கிய அந்தத் தொகுப்பில், ஒருவர் நிலத்தில் மற்றொருவர் நட்ட மரத்தின் பலன் யாருக்கு, வேலி தாண்டிச் சாய்ந்த மரத்தின் பலன் யாருக்கு என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. ஒரு கொப்புக்கு வழக்காடிய சமூகம் நாங்கள். இன்று முழு மரம் சாயும்போது எட்டிப் பார்ப்பதற்கும் ஆளில்லை.

ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கலாம். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. நாம் குடிப்பது, குளிப்பது, தோட்டம் செய்வது எல்லாம் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதால்தான். அந்த மழை இறங்கும் வாசல் வேறெங்கும் இல்லை. வயலும் குளமும் தோட்டமும் எங்கள் வளவுகளுந்தான். சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்ததென்று 2014 இலும் 2015 இலும் வீதியில் இறங்கினோம். நியாயமான போராட்டம் அது. அதே நாங்கள் சருகு மூடிய மண்ணைக் கல்லால் அடைத்து, மழைநீரை ஒழுங்கைக்குத் தள்ளி, பிறகு வெள்ளம் என்றும் கோடையில் கிணறு வற்றிவிட்டது என்றும் புலம்புகிறோம். மரமும் நீர் குடிக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வேர் விட்ட வழியால் மழை மண்ணுக்குள் இறங்குகிறது, சருகால் மண் நெகிழ்கிறது, நிழலால் வளவு குளிர்கிறது. பதித்த கல் இவற்றில் எதைச் செய்கிறது? நிழலை வெட்டிவிட்டு, வெயிலில் கொதிக்கும் கொங்கிறீற்றின் கீழே குளிரூட்டி பூட்டி, மாதாமாதம் மின்சாரப் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்குப் பெயர் முன்னேற்றமா?

எதிர்வாதங்களும் எனக்குத் தெரியும். "காற்றுக்கு மரம் வீட்டின்மேல் விழும்" என்பார்கள். 2008 இல் நிஷா புயல் வந்துபோனதை நானும் பார்த்தவன்தான். உள்ளே உக்கிய மரத்தையும், சுவர் வெடிப்பில் முளைத்த ஆலையும் அரசையும் அகற்றத்தான் வேண்டும். ஆனால் நல்ல மரத்தின் ஒரு பக்க வேரை அத்திவாரத்துக்காகத் தறித்துவிட்டு, அது அடுத்த காற்றுக்குச் சாயும்போது மரத்தின் மேல் பழி போடுவது என்ன நியாயம்? "காணி சிறிது" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். அடிமரத்தின் விட்டத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு ஆரையுள்ள வட்டத்தை வேருக்கு விடவேண்டும் என்பது பிரித்தானியக் கட்டுமான நியமம். ஐந்தடிச் சுற்றளவுள்ள மரத்துக்கு அது ஏறக்குறைய இருபது அடி. பரப்பளவில் ஏறத்தாழ 1,250 சதுர அடி. இரண்டு பரப்புக் காணி என்பது 5,445 சதுர அடி. மரத்துக்குக் கால்வாசியையும் விடாமலே நாலாயிரம் சதுர அடி மிஞ்சுகிறது. கிணறும் குழியும் போக அதற்குள் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டமுடியாதா?

வடக்கு மாகாண சபை இயங்கிய காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக்கினார்கள். நல்ல காரியம். இன்றும் கார்த்திகை வந்தால் கன்று நடுகிறோம், படம் எடுக்கிறோம். ஆனால் ஐம்பது வயது மரத்தை ஆவணியில் சாகவிட்டு, அரையடிக் கன்றைக் கார்த்திகையில் நடுவது பரிகாரம் ஆகாது. அந்தக் கன்று நிழல் தரும்போது நட்டவர் இருக்கமாட்டார்.

நான் கேட்பது பெரிய காரியம் அன்று. வீடு கட்ட அனுமதி கேட்டுப் பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ கொடுக்கும் வரைபடத்தில் எல்லை இருக்கிறது, வீதிக்கோடு இருக்கிறது, கிணறு இருக்கிறது, மலசலகூடக் குழி இருக்கிறது. மரம் மட்டும் இல்லை. மூன்றடிச் சுற்றளவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரமும் அந்த வரைபடத்தில் குறிக்கப்படவேண்டும். ஏன் அகற்றவேண்டும் என்று எழுதிக் கேட்காமல் எதையும் அகற்றக்கூடாது. நிற்கப்போகும் மரத்தைச் சுற்றி, முதல் லொறி வருவதற்கு முன்பே கிடுகோ தகரமோ கொண்டு வேலி அடைக்கவேண்டும். அதற்குள் கல்லும் மணலும் குவிக்கக்கூடாது, சீமெந்து குழைக்கக்கூடாது, மண் உயர்த்தக்கூடாது. அத்திவாரம் வேரைக் கடந்தே ஆகவேண்டுமானால், தொடர்கிடங்கு வெட்டாமல் தூண் நிறுத்தி மேலால் வளை போடலாம். எந்தப் பொறியியலாளருக்கும் தெரிந்த முறை அது. 2025 வைகாசித் தேர்தலில் நாம் தெரிவுசெய்து அனுப்பியவர்கள் இப்போது சபைகளில் இருக்கிறார்கள். இதைத் தீர்மானமாகக் கொண்டுவர அவர்களுக்கு ஒரு பக்கத் தாள் போதும். கொழும்பைக் கேட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. தீர்மானம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் வீட்டை வரைபவரிடம் நீங்களே சொல்லலாம்.

அயல்வளவுக்காரர் ஆடியில் வருகிறார். மரம் பட்ட செய்தியை நான்தான் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணை, அதே இடத்திலை ஒரு ஒட்டு மாங்கண்டு வைப்பமோ?" என்று கேட்டார். வைக்கலாம் தம்பி என்றேன். ஆனால் முதலில் அந்தக் கல்லைக் கிளப்பவேண்டும் என்றேன்.