பூச்சியின் பெயரறிதல்

திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963ஆம் ஆண்டில் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்கு ஆராயப்படும் மரவள்ளிக்குத் தேமல் நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. பெமிசியா டபாசி என்று ஒரே பெயரால் வழங்கப்பெறும் இது, உருவத்தால் வேறுபாடு காண இயலாத பல இனங்களின் தொகுதியாகும். நோய் பரப்பும் திறனும் மருந்தைத் தாங்கும் வலிமையும் இனத்திற்கு இனம் மாறுபடும். உருப்பெருக்கிக்குப் புலப்படாத இவ்வேறுபாட்டை டி.என்.ஏ. பட்டைக்குறி முறை புலப்படுத்துகிறது.

கனடா நாட்டு அறிஞர் பால் ஹெபர்ட்டும் அவர்தம் குழுவினரும் 2003இல் முன்வைத்த இம்முறையில், பூச்சியின் மைட்டோகாண்டிரியாவிலுள்ள ஒரு மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட பகுதியைப் படித்து, பெயர் தெளிந்த இனங்களின் பதிவுகளோடு ஒப்பிடுவர். முட்டையாயினும் புழுவாயினும் சிதைந்த உடலாயினும் இனத்தை அறியலாம்.

பெயர் பிழைத்தால் நேரும் இழப்பு சிறிதன்று. 1970களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழித்தது. அதன் இயற்கைப் பகைவர்களைத் தேடித் தென் அமெரிக்கா சென்றோர் முதலில் கண்டது அதனை ஒத்த வேறோர் இனம். அதனிடம் பெற்ற ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்காவில் பயன் தரவில்லை. 1981இல் பாராகுவேயில் உண்மை இனம் கண்டறியப்பட்ட பின்னரே, அதனை அழிக்கும் அனகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவி கிடைத்தது. அதே மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் தோன்றித் தமிழ்நாட்டிலும் பரவியபோது, இனம் ஐயமற அறியப்பட்டமையால், அக்குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து 2022இல் சேலம் மாவட்டத்தில் விடுவது எளிதாயிற்று.

எனினும், பட்டைக்குறி ஒன்றே போதும் எனக் கருதுவது பிழை. பதிவேட்டிலுள்ள பெயர் தவறாயின் கிடைக்கும் விடையும் தவறே. மேலும், இம்மரபணு தாய்வழியே வருவதாகையால், கலப்பினத்தை இது காட்டாது. உருவம் கண்டு இனம் கூறும் அறிஞரின் தேவை இதனால் குறையவில்லை, மிகுந்தே உள்ளது.

ஆகவே, களப்பணியாளர் பூச்சிகளை ஃபார்மலினில் இடாது, செறிவுமிக்க எத்தில் ஆல்ககாலில் இட்டு, இடம், நாள், பயிர் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். சிறு பூச்சி ஆய்விலேயே அழிந்துவிடக்கூடும். அதே செடியில் எடுத்த வேறு சிலவற்றையும் பாதுகாத்தல் நன்று. மாணவர்க்குப் பூச்சியின் சிறகையும் காலையும் உற்று நோக்கப் பழக்கும் ஆசிரியரின் பணியும் இதனோடு சேர்ந்ததே. கருவி எழுத்துகளைப் படிக்கும். அவ்வெழுத்துகளுக்குரிய பெயரை உறுதி செய்வது மனிதனின் கண்ணேயாகும்.