பதினேழே நாட்கள்!

தோழனே! 1939 ஆகஸ்ட் 15. நாய்ஹாமர் பயிற்சித் திடலிலே ஜெர்மன் தளபதிகள் காண, வால்டர் சீகல் தலைமையில் 'ஸ்டூக்கா' குண்டுவீச்சு விமானங்கள் செங்குத்தாய்ப் பாய்கின்றன. மேகத்தின் கீழ் வெட்டவெளி என எண்ணினர். இருந்ததோ தரைவரை மூடுபனி! 13 விமானங்கள் மண்ணில் மோதி நொறுங்கின. 26 வீரர் மாண்டனர்.

சாவின் கொடுமையைக் கண்ணெதிரே கண்டவர்கள். கை நடுங்கியிருக்கும் என்றுதானே எண்ணுகிறாய்? பதினேழே நாட்கள்! செப்டம்பர் 1, விடியற்காலை. அதே படை, அதே சீகல். போலந்தின் வியேலுன் நகர்மீது குண்டுமாரி! பாசறையையா தாக்கினர்? பீரங்கி மேடையையா? நோயாளிகள் படுத்திருந்த மருத்துவமனையை!

1940இல் சீகலின் கழுத்தில் 'வீரச்சிலுவை' விருது ஏறிற்று. வியேலுனுக்காக அவர் எந்த நீதிமன்றத்திலும் நின்றதில்லை. 1944இல் நார்வேயில் விமான விபத்தில் மாண்டார்.