இணைய முகவரிக்கும் வில்லங்கச் சான்று வேண்டும்

உடன்குடியில் கருப்பட்டி காய்ச்சும் குடும்பத்துக்கும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க் கடைக்கும், தூத்துக்குடியில் மக்ரூன் போடும் பேக்கரிக்கும் இன்று ஒரே மாதிரி விளம்பரம் வருகிறது: சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் ரெடிமேட் வெப்சைட் தயார், நாளைக்கே இணையத்தில் கடை திறக்கலாம். வாங்குவதில் தவறே இல்லை. ஊர்ச் சரக்கு தரகர் கை படாமல் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போக இது நல்ல வழி. கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-இலும், உடன்குடி பனங்கருப்பட்டி 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றுவிட்டன. அந்தப் பெயரைத் தேடி வருகிறவர் சரியான கடைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

ஆனால் காசு கொடுத்த வியாபாரியிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: உங்கள் இணைய முகவரி யார் பேரில் பதிவாகியிருக்கிறது? பலருக்குத் தெரியாது. தளத்தைச் செய்து கொடுத்தவர் தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் டொமைனைப் பதிந்துவிடுகிறார். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் முடிகிற காரியம் அது. கடைக்காரர் அட்டைப்பெட்டியிலும் பில் புத்தகத்திலும் டெலிவரி வண்டியிலும் அந்த முகவரியை அச்சடித்துவிடுகிறார். இரண்டு வருடம் கழித்து வேறொருவரிடம் வேலையைக் கொடுக்க நினைக்கும்போதுதான், கடையின் பெயர்ப்பலகை அடுத்தவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது தெரிகிறது. முகவரியை வேறு கணக்குக்கு மாற்றத் தேவையான இடமாற்றக் குறியீட்டைக் கேட்டால் தொகை கேட்பார்கள். இல்லையென்றால் போனே எடுக்க மாட்டார்கள். புதுப்பிக்கும் நாள் தவறிவிட்டால் இன்னும் மோசம். டாட் காம் முகவரி என்றால், நீக்கப்பட்ட பிறகு அபராதம் கட்டி மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதுவும் போனால் உலகத்தில் எவரும் எடுத்துக்கொள்ளலாம். கருப்பட்டி தேடி வந்தவர் சூதாட்ட விளம்பரத்தில் போய் விழுவார்.

இது ரெடிமேட் தளம் வாங்குபவரின் நிலை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற தளத்தையே விலைக்கு வாங்குகிற சந்தை ஒன்றும் இருக்கிறது. 2009-இல் மெல்போர்னில் தொடங்கிய ஃப்ளிப்பா போன்ற இடங்களில், மாத லாபத்தை இத்தனை மடங்கு என்று பெருக்கி விலை பேசுகிறார்கள். வருமானத்துக்குச் சான்று பல நேரம் ஒரு ஸ்கிரீன்ஷாட். அந்த வருமானம் வருகிற ஆட்சென்ஸ் என்ற கூகுள் விளம்பரக் கணக்கு தளத்தோடு கைமாறாது. புதியவர் தன் பேரில் கணக்குத் தொடங்கி, அனுமதி வாங்கி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வருகையாளர் எண்ணிக்கையையும் பணம் கொடுத்து ஏற்றிக் காட்ட முடியும்.

மூடிய சிப்பியை விலைக்கு வாங்குவது தூத்துக்குடிக் கரைக்குப் புதிதல்ல. 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, குளித்தெடுத்த சிப்பிகளில் அரசின் பங்கை ஆயிரம் என்ற கணக்கில் ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. எண்ணியது எல்லார் கண் முன்னாலும். ஏலம் கேட்டதும் அப்படியே. இணையதள விற்பனையில் அந்தச் சமநிலை இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கு மட்டும் தெரியும்.

சட்டம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1999 நவம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டு தளங்களை 499 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. சமாச்சார், கோஜ், கேல், பாவர்ச்சி என்ற பெயர்களுக்கும் அவற்றைத் தேடி வந்த வாசகர்களுக்கும்தான் அந்த விலை. அதே நிறுவனம், தன் சிஃபி என்ற பெயரை ஒத்த சிஃபிநெட் என்ற முகவரியை வேறொருவர் பயன்படுத்தியதை எதிர்த்து, பெங்களூரு நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. இணைய முகவரிக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. இதற்கென்று தனிச் சட்டம் இல்லாத குறையை அந்தத் தீர்ப்பே சுட்டிக்காட்டியது. 499 கோடி போடுகிறவரிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய்க்குத் தளம் வாங்கும் உப்பு வியாபாரி, ஒரு முகவரிக்காக பெங்களூரு நீதிமன்றத்திலிருந்து தில்லி வரை வழக்கு நடத்த முடியாது.

வாங்குபவரின் நஷ்டத்தோடு இது நின்றுவிடுவதில்லை என்பதுதான் நம்மை அதிகம் கவலைப்படுத்துகிறது. கப்பல் வேலைக்கு ஏங்கும் இளைஞர்கள் நிறைந்த கரை இது. வேலை வாங்கித் தருவதாகப் பணம் பறிக்கும் போலி முகவர்கள் பற்றிக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. அப்படிப்பட்டவனுக்குப் பழைய முகவரி ஒன்று தங்கச் சுரங்கம். பத்து வருடம் நாணயமாக நடந்து, மூடப்பட்ட ஒரு நிறுவனத்தின் டொமைனை அவன் வாங்கிவிட்டால் போதும். எச்சரிக்கையான பையன் ஹூஇஸ் எனப்படும் டொமைன் பதிவேட்டில் தேடிப் பார்ப்பான். முகவரி பதிவான ஆண்டு பழசாக இருக்கும், நம்பிவிடுவான். போன மாதம் அது கைமாறியது அங்கே இருக்காது. உரிமையாளர் பெயரும் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். பிறந்த தேதியைக் காட்டிவிட்டு, கைமாறிய தேதியை மறைக்கிற பதிவேடு ஏமாற்றுபவனுக்குத்தான் துணை. ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு என்பது, வட்டிக்குக் கடன் வாங்கி முகவரிடம் கட்டிய குடும்பத்துக்குப் பின்னால் கிடைக்கும் ஆறுதல் மட்டுமே.

வாடிக்கையாளர்களின் போன் எண்ணும் விலாசமும் தளத்தோடு சேர்ந்தே விலை போகின்றன. கருப்பட்டி அனுப்பக் கொடுத்த எண் அது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்தக் காரியத்துக்குச் சம்மதம் தரப்பட்டதோ அந்தக் காரியத்துக்கு மட்டும் தரவைப் பயன்படுத்தச் சொல்கிறது. தளம் விற்கிறவர்கள் இதை ஒப்பந்தத்தில் எழுதுவதே இல்லை என்றால் சட்டம் இருந்து என்ன பயன்?

காலி மனை வாங்கப் போகிறவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. இணைய முகவரிக்கும் அது வேண்டும். யார் வாங்கினார்கள் என்பதைக்கூட மறைத்துக்கொள்ளட்டும். எந்தெந்தத் தேதியில் கைமாறியது என்பது எல்லோர் பார்வைக்கும் இருக்க வேண்டும். டாட் காமுக்கு இதைச் செய்ய உலக அளவில் உடன்பாடு தேவைப்படலாம். டாட் இன், தமிழிலேயே எழுதப்படும் டாட் இந்தியா ஆகியவற்றுக்கு அந்தத் தடை கிடையாது. அவற்றை நடத்தும் நிக்சி, மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் நிழலில் இருக்கும் அமைப்பு. அமைச்சகம் நினைத்தால் இந்த ஆண்டே தொடங்கலாம். இது தனியுரிமைக்கு எதிரானது என்று சிலர் வாதிடுவார்கள். கைமாறிய தேதி எவருடைய அந்தரங்கமும் அல்ல.

மாநில அரசின் கையிலும் ஒரு வேலை இருக்கிறது. மாவட்டத் தொழில் மையம் தமிழில் இரண்டு பக்க மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வெளியிடட்டும். டொமைன் வாங்குபவரின் பேரிலும் அவரது மின்னஞ்சலிலும் பதிவாக வேண்டும். ஹோஸ்டிங் கடவுச்சொல்லும் காப்புப் பிரதியும் கைக்கு வர வேண்டும். முகவரி மாறி வந்த பிறகே கடைசித் தவணை போக வேண்டும். சிறுதொழிலுக்கு அரசு தரும் கடனிலோ மானியத்திலோ இணையதளச் செலவு காட்டப்படும் இடத்தில் எல்லாம் இந்த ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கலாம். வர்த்தக சங்கங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தங்கள் உறுப்பினர்களின் முகவரிகள் யார் பேரில் இருக்கின்றன, எப்போது காலாவதியாகின்றன என்று இந்த மாதக் கூட்டத்திலேயே ஒரு பட்டியல் எடுக்கலாம். அடுத்தவர் பேரில் இருப்பவற்றை, பேச்சுவார்த்தைக்கு வழி இருக்கும்போதே மாற்றி எழுதி வாங்கிவிட வேண்டும்.