வாட்டைப் பார்த்து ஏமாறாதீங்க!



எங்க மல்லாட்டைக் கொல்லையில் காட்டுப்பன்னி தொல்லை. அப்பா தினமும் ராத்திரி காவலுக்குப் போறார். காவல் குடிசையிலிருந்து கடைசி வரப்பு 100 மீட்டர் இருக்கும். கைடார்ச்சு வெளிச்சம் அவ்வளவு தூரம் போகாது. ஒருநாள் அங்கே கருப்பா ஏதோ அசைஞ்சது. அப்பா கவணில் கல்லை வச்சுட்டார். அதுக்குள்ளே இருமல் சத்தம் கேட்டது. பார்த்தா பக்கத்துக் கொல்லை தாத்தா! அந்தக் கல் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? நினைச்சாலே எனக்கு உடம்பு நடுங்குது.

அன்னைக்கே நானும் அண்ணனும் தூரத்துக்கு அடிக்கிற லைட்டு செய்ய முடிவெடுத்தோம். கடையில், "வாட்டு கூடினா தூரமும் கூடும்" என்று சொல்லி 10 வாட் எல்.இ.டி. கொடுத்தாங்க. அதை ஒரு பூதக்கண்ணாடிக்குப் பின்னால் வச்சோம். கொல்லை முழுக்க மங்கலா வெளிச்சம் பரவுச்சே தவிர, கடைசி வரப்பு தெரியவே இல்லை. அப்புறம் அதே கண்ணாடிக்கு 3 வாட் எல்.இ.டி. வச்சோம். வரப்போரப் பனைமரம் பளிச்சுனு தெரிஞ்சது!

ஏன் இப்படி? லென்ஸ் எல்.இ.டி.யின் உருவத்தைத்தான் பெரிசாக்கித் தூரத்தில் விழ வைக்குது. எங்க லென்ஸின் குவியத் தொலைவு 10 செ.மீ. 100 மீட்டர் அதைப்போல 1000 மடங்கு. 10 வாட் எல்.இ.டி.யில் வெளிச்சம் வரும் மஞ்சள் சதுரம் 10 மி.மீ. அகலம். அது தூரத்தில் 10 மீட்டர் அகலத்துக்குப் பரவிடும். 3 வாட்டில் புள்ளி சின்னது, 2 மி.மீ. என்று வச்சுக்கிட்டாலும் 2 மீட்டர்தான். கணக்குப் போடுங்க: 10 வாட்டில் வெளிச்சம் ஏறக்குறைய மூணு மடங்கு அதிகம், ஆனா அது பரவும் இடம் 25 மடங்கு அதிகம். அப்போ எது பிரகாசமா இருக்கும்?

ஆகவே என் கருத்து இதுதான். தூரம் வேணும்னா வாட்டைக் கேட்காதீங்க, புள்ளி சின்னதா என்று பாருங்க. மாட்டுக் கொட்டகைக்கும் வாசலுக்கும் 10 வாட்டே நல்லது. அங்கே வெளிச்சம் பரவணும்.

இன்னும் சில விஷயம். எல்.இ.டி.யை அலுமினியத் தகட்டில் பொருத்தணும். தகடு இல்லாம எரியவிட்டு முதல் எல்.இ.டி.யை நாங்க கருக்கிட்டோம், காசு போச்சு. பேட்டரியை நேரா கொடுக்காம, 700 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாத டிரைவர் போர்டு வைக்கணும். யார் கண்ணிலும், ரோட்டில் வர்ற வண்டி மேலயும் அடிக்கக்கூடாது. இந்த லைட்டு காலடியைக் காட்டாது. பாம்பு இருக்கிற வரப்பில் நடக்க கைடார்ச்சும் வேணும்.

அறிவியல் பாடத்தில் கதிர்ப்படம் வரைஞ்சு மார்க்கு வாங்குறோம். அதைக் கொல்லைக்கும் கொண்டுபோனா என்ன? ஆசிரியர்கள் ஒருநாள் சாயங்காலம் மைதானத்தில் ரெண்டு எல்.இ.டி.யையும் எரியவிட்டு எல்லாருக்கும் காட்டணும்னு பணிவோடு கேட்டுக்கிறேன்.

இப்போ அப்பா முதலில் லைட்டு அடிச்சுப் பார்க்கிறார். அப்புறம்தான் கவணைத் தொடுகிறார்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
அரசுப் பள்ளி.