காருக்குள் ஒரு காமிரா

சினிமா என்ற சொல்லைக் கேட்டவுடனே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களுடைய கவலை காரணமற்றதன்று. ஆபாசத்தையும் வன்முறையையும் விலைபேசும் படங்களே நம் கண்முன் மிகுதியாக நிற்கின்றன. ஆயினும் நம் பிள்ளைகளிற் பலர் இன்று கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் பயில்கின்றனர். நல்ல செய்தியொன்றைப் படமாக்க வேண்டும் என்ற ஆவல் அவர்களுக்கு இருக்கிறது; கையிலே பணம் இல்லை. அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு வழியை ஈரான் நாட்டுக் கலைஞர் இருவர் காட்டியுள்ளனர். காரும் சிறிய காமிராவுமே அந்த வழி.

பெரிய நிறுவனங்கள் கார்க் காட்சியைப் படமாக்கும்போது, காரைத் தாழ்வான இழுவை வண்டியொன்றில் ஏற்றி வேறொரு வாகனத்தால் இழுத்துச் செல்வதுண்டு. சுற்றிலும் விளக்குகள், ஆட்கள், சாலையை மறிக்க அனுமதி என்று செலவு பெருகும். அப்பாஸ் கியாரஸ்தமி (1940-2016) இந்த ஆரவாரத்தை ஒதுக்கினார். 1997இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை மற்றொரு படத்துடன் பகிர்ந்துகொண்ட அவருடைய ‘செர்ரியின் சுவை’, பெரும்பகுதி காருக்குள்ளேயே நிகழ்வது. ஓட்டுபவராக நடித்த ஹுமாயூன் இர்ஷாதி தொழில்முறை நடிகரல்லர், கட்டடக் கலைஞர். ஒருவரைப் படமெடுக்கும்போது எதிர் இருக்கையில் இயக்குநரே அமர்ந்து பேச்சுக் கொடுப்பார். திரையில் உரையாடுகிற இருவரும் படப்பிடிப்பின்போது அருகருகே அமரவில்லை என்பது பார்ப்பவருக்குத் தெரிவதேயில்லை.

கதையும் நம் சிந்தனைக்குரியது. தற்கொலை செய்துகொள்ளத் துணிந்த ஒருவர், தம் உடலை மண்ணிட்டு மூட ஆள் தேடிக் காரில் அலைகிறார். ஏறுகின்றவர்களுள் ஒருவர் ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த மத்ரஸா மாணவர். உயிரை மாய்த்துக்கொள்வது ஹராம் என்று அவர் மார்க்கத்தை எடுத்துரைக்கிறார். பின்னர் ஏறும் முதியவரோ, தாமும் ஒருநாள் சாகச் சென்று, மரத்திலிருந்த முசுக்கட்டைப் பழத்தின் சுவையால் உயிர்வாழத் திரும்பிய கதையைச் சொல்கிறார். ஓடும் வண்டிக்குள் இவ்வளவு கனமான பேச்சு நடைபெறுகிறது. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கிறார். அருகிருப்பவரும் சாலையைப் பார்க்கிறார். முகத்துக்கு முகம் நோக்காத அந்த நிலையிலே நெஞ்சு எளிதாகத் திறந்துகொள்கிறது. நீண்ட பயணங்களில் நாமும் உணர்ந்த உண்மைதானே இது!

காரைத் தேர்ந்ததற்கு வேறொரு நுட்பமான காரணமும் உண்டு. 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் ஈரானியத் திரையில் பெண்கள் தலையை மறைத்தே தோன்ற வேண்டும் என்பது விதியாயிற்று. ஆனால் வீட்டுக்குள் கணவர் முன்னும் மகன் முன்னும் எந்தப் பெண்ணும் முக்காடிட்டு அமர்வதில்லை. எனவே வீட்டுக் காட்சி பொய்யாகிவிடுகிறது. காரோ தெருவில் செல்வது. அங்கே முக்காடு இயல்பானது. 2002இல் வெளிவந்த ‘பத்து’ என்ற படம் இவ்வகையில் அமைந்ததே. காரின் முகப்புப் பலகையில் இரு டிஜிட்டல் காமிராக்கள். ஒன்று ஓட்டும் பெண்ணை நோக்கியது, மற்றொன்று பக்கத்து இருக்கையை நோக்கியது. பத்து உரையாடல்கள், படம் முடிந்தது.

இயக்குநர் ஜாஃபர் பனாஹியின் வரலாறு இன்னும் உருக்கமானது. 2010 டிசம்பரில் அவருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனையும், இருபது ஆண்டுகள் படமெடுக்கத் தடையும் விதிக்கப்பட்டன. அவர் தாமே டாக்ஸி ஓட்டுநராக அமர்ந்து, டெஹ்ரான் வீதிகளில் காருக்குள் பொருத்திய சிறு காமிராக்களால் ‘டாக்ஸி’ என்ற படத்தை எடுத்தார். 2015இல் பெர்லின் விழாவில் அது தங்கக் கரடி விருதை வென்றது. நாட்டைவிட்டு வெளியேற முடியாத அவருக்குப் பதிலாக, படத்தில் தோன்றிய அவருடைய உறவுச் சிறுமியே விருதைப் பெற்றுக்கொண்டாள். படத்தில் அச்சிறுமி பள்ளிப் பாடத்திற்காகத் தானும் ஒரு படமெடுக்கிறாள். மணமகன் தவறவிட்ட பணத்தை எடுத்துக்கொண்ட ஏழைச் சிறுவனிடம், “திருப்பிக் கொடுத்துவிடு, அப்போதுதான் என் படம் ஏற்கப்படும்” என்று மன்றாடுகிறாள். நடந்ததைக் காட்டுவதா, நடக்க வேண்டியதை நடிக்கச் செய்வதா என்ற பெரிய வினா அங்கே எழுகிறது. பனாஹி 2025இல் கான் விழாவின் தங்கப்பனையையும் பெற்றார்.

இனி, செய்முறைக்கு வருவோம். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர்க் கிண்ணப் பிடிப்பான் ஒன்று போதும். கண்ணாடியைத் துடைத்து உலரவைத்த பின்னரே ஒட்டுதல் வேண்டும். பிடிப்பான் கழன்றாலும் காமிரா விழாதவாறு உறுதியான கயிற்றால் கட்டிவைக்க வேண்டும். காருக்கு வெளியே எதையும் பொருத்தாதீர். கழன்று விழுந்தால் பின்னால் வருபவரின் உயிருக்கே ஆபத்து. ஓட்டுநரின் பார்வையைக் காமிரா மறைக்கலாகாது. ஓட்டுபவர் வசனம் ஒப்பிக்கவும் கூடாது. வண்டியை நிறுத்திப் பேசுவதே மேல். நடுப்பகலில் வெளியே வெளிச்சம் மிகுந்து உள்ளிருப்போர் முகம் இருண்டுவிடும். பொழுது புலர்ந்த வேளையும், அஸர் தொழுகைக்குப் பிந்திய வேளையும் ஏற்றவை. ஜன்னல்களை மூடி, குளிர்சாதனத்தை நிறுத்தி, ஆடையில் சிறிய மைக்கைப் பொருத்தினால் பேச்சுத் தெளிவாகப் பதியும். ஒரே சாலையில் திரும்பத் திரும்பச் சென்று எடுத்தால், காட்சிகளை இணைக்கும்போது பின்னணி முரண்படாது.

இவை யாவற்றினும் முதன்மையான ஒன்று உண்டு. காமிரா சிறிதாகிவிட்டால் மறைத்துவைப்பதும் எளிதாகிவிடுகிறது. ‘பத்து’ படத்தில் சிறுவனாகத் தோன்றியவர், காமிரா இயங்குவதை அறியாமலே தாம் படமாக்கப்பட்டதாகப் பிற்காலத்தில் கூறினார். உலகம் மெச்சிய படத்தின்மீதே இத்தகைய குறை சொல்லப்பட்டது என்பதை நம் இளைஞர்கள் மறக்கலாகாது. பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதைத் திருமறை தடுத்திருக்கிறது. ஒருவருடைய முகமும் சொல்லும் கண்ணீரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். படமெடுக்கும் முன் சம்மதம் கேளுங்கள். எடுத்த பின் அவரிடமே காட்டி, வெளியிட மீண்டும் ஒருமுறை கேளுங்கள். அவர் வேண்டாமென்றால், எத்துணைச் சிறந்த காட்சியாயினும் அழித்துவிடுங்கள். குழந்தைகளாயின் பெற்றோர் சொல் மட்டும் போதாது. அக்குழந்தையின் மனமும் நோகலாகாது.

கதைக்கு எங்கும் அலைய வேண்டுவதில்லை. விடுமுறை முடிந்து வளைகுடாவுக்குத் திரும்பும் தந்தையை விமான நிலையத்திற்கு அழைத்துச் செல்லும் கார் நம் ஊர்களில் எத்தனை! முன்னிருக்கையில் தந்தை, பின்னிருக்கையில் பேச்சற்ற தாய், ஏதும் புரியாமல் கேள்வி கேட்கும் மகள். அந்த இரண்டு மணி நேரத்தில் நம் சமுதாயத்தின் அரை நூற்றாண்டு வாழ்க்கை அடங்கியிருக்கிறது. அதை உள்ளவாறு பதிவுசெய்யப் பெரும் பொருள் வேண்டியதில்லை. தூய நிய்யத்தும், பிறர் மனம் நோகாத கவனமும் இருந்தால் போதும். அந்த இரண்டையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.