கிண்ணப் பூசணமும் கொக்கி அடையாளமும்

ஐரோப்பாவில் ஆஷ் மரங்களை நுனியிலிருந்து கருக்கிக் கொல்லும் நோய்க்குக் காரணம், உதிர்ந்த இலைக்காம்பில் முளைக்கும் வெண்ணிறக் கிண்ணப் பூசணம். அகலம் சில மில்லிமீட்டரே. 2009-ல் நிபுணர்கள் இதை, அங்கே நெடுங்காலமாக உள்ள சாதுப் பூசணம் என்றே கருதினர். நிறமும் வடிவும் வித்தின் அளவும் ஒத்திருந்தால் யார்தான் ஏமாறமாட்டார்கள்? வேறு இனம் என்பதைப் பின்னர் மரபணுச் சோதனை காட்டியது. மைக்ராஸ்கோப்பில் வித்துப்பையின் அடியைப் பார்த்தாலும் தெரியும்: கொல்லும் பூசணத்தில் கொக்கி போன்ற வளைவு உண்டு, சாதுவில் இல்லை.

பிழை மன்னிக்கத்தக்கதே. ஆனால் 'உள்ளூர்ப் பூசணம்தானே' என்று பிரிட்டன் ஆஷ் நாற்று இறக்குமதியைத் தொடர விட்டது சரியல்ல. உள்ளூர்ப் பூசணம் திடீரென மரத்தைக் கொல்வானேன்? அந்தச் சந்தேகம் தீரும்வரையாவது நாற்றுகளை நிறுத்தியிருக்க வேண்டும். 2012-ல் நோய் அங்கும் தென்பட்ட பின்னரே தடை வந்தது.